டயர் காற்று விளக்கு இரண்டாம் முறை எரிந்தபோது

விடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வைத்து வண்டியை எடுத்தேன். கால் மணி நேரம் ஓடியிருக்கும், டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு. குதிரை லாடம் மாதிரி வடிவம், நடுவில் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைந்தால் எரியும் விளக்கு அது. ஓரங்கட்டி, இறங்கிச் சுற்றிப் பார்த்தேன். நான்கு டயரும் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

"என்னப்பா, பஞ்சரா?" என்று அம்மா கேட்டார்.

"இல்லம்மா, குளிருக்குக் காத்து கொஞ்சம் இறங்கியிருக்கும்."

குளிருக்குக் காற்று இறங்குவது உண்மைதான். வெப்பநிலை 5, 6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் டயரில் சுமார் 1 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வழியில் முதலில் வந்த பெட்ரோல் பங்கில் நிறுத்தி, "நாலுலயும் 33 வைங்க தம்பி" என்றேன். 33 என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எண். டயரின் பக்கவாட்டில் 51 என்று அச்சிட்டிருந்தது. அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்று அடிக்கக் கூடாது.

மெஷின் நான்கு முறை 'பீப்' அடித்தது. வண்டியை எடுத்தேன். விளக்கு அப்படியே எரிந்தது.

காருடன் வந்த புத்தகத்தைப் புரட்டினேன். இந்த எச்சரிக்கையில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு சென்சார் இருந்து காற்றழுத்தத்தை நேரடியாக அளந்து அனுப்பும். என் காரில் இருப்பது இரண்டாவது வகை. காற்று குறைந்த டயர் கொஞ்சம் அமுங்கி, சுற்றளவு குறைந்து, மற்ற சக்கரங்களைவிட ஒரு துளி வேகமாகச் சுற்றும். ஏ.பி.எஸ். பிரேக்குக்காக (திடீரென்று பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) இருக்கும் சென்சார்கள் அந்த வித்தியாசத்தைப் பிடித்துவிடும். இந்த வகையில் காற்று அடித்த பிறகு 'இதுதான் சரியான நிலை' என்று நாம்தான் ரீசெட் செய்து சொல்ல வேண்டும். மெனுவில் தேடி ரீசெட் கொடுத்தேன். விளக்கு அணைந்தது. அம்மாவை நல்லபடியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

ஆறாம் நாள் மறுபடி எரிந்தது.

இந்தத் தடவை எங்கும் ஓடவில்லை. காற்று அளக்கும் கேஜ் ஒன்று வாங்கி வைத்து, மறுநாள் காலை வண்டியை எடுப்பதற்கு முன் அளந்தேன். காற்றை அளக்க அதுதான் நேரம். வண்டி குறைந்தது மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். ஓடிச் சூடான டயர் சில பி.எஸ்.ஐ. கூட்டித்தான் காட்டும். பங்கில் நான் 33 வைத்தது சூடான டயரில். அப்படியென்றால் ஆறியபோது 33 இருந்திருக்காது.

முன் இரண்டும் 31. பின் வலது 31. பின் இடது 24.

அந்த 24-ஐப் பார்த்ததும்தான் உறைத்தது. குளிர் என்றால் நான்கிலும் ஒரே அளவு இறங்கியிருக்கும். ஒரு டயரில் மட்டும் 7 பி.எஸ்.ஐ. கூடுதலாக எப்படிப் போகும்? அன்றைக்குப் பங்கில் நான் கேட்டிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: அடிப்பதற்கு முன் ஒவ்வொன்றிலும் எவ்வளவு இருக்கிறது? கேட்கவில்லை. மெஷின் நான்கையும் சமமாக்கியதும் எந்த டயரில் குறை என்ற தடயமே அழிந்துவிட்டது. யாராவது இதைப் படித்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலும் எனக்குச் சந்தோஷம்.

சோப்புத் தண்ணீரைக் கரைத்து பாட்டிலில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் வால்வு மூடியைக் கழற்றி அங்கே அடித்தேன். நுரை இல்லை. ரிம்மும் டயரும் சேரும் ஓரம், இல்லை. அப்புறம் தரையில் படும் பாகம். வண்டியை அரை அடி, அரை அடியாக நகர்த்தி ஈரமாக்கினேன். மூன்றாவது நகர்த்தலில் ஒரு பள்ளத்தில் சின்னக் கல் மாதிரி ஏதோ. அதைச் சுற்றிக் கடுகளவில் நுரை கிளம்பி, மெல்ல மிளகாகி, உடைந்து, மறுபடி கிளம்பியது. தேய்ந்துபோன ஸ்குரூவின் தலை. பிடுங்கவில்லை. பிடுங்கினால் இருக்கிற காற்றும் போய்விடும். 33 வரை அடித்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைக்கார அண்ணன் டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உள்பக்கம் முழுக்கக் கையை ஓட்டிவிட்டு உள்ளங்கையைக் காட்டினார். "பொடி ஒண்ணும் வரல சார், தப்பிச்சுது." காற்று குறைந்து ஓடினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி, உள்ளே ரப்பர் கறுப்புப் பொடியாக உதிருமாம். பொடி நிறைய இருந்தால் அந்த டயரைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். பக்கச்சுவரில் ஓட்டை என்றாலும் ஒட்டக் கூடாது. என்னுடையது நடுப்பகுதியில், சின்ன ஓட்டை. உள்ளிருந்து ஓட்டையை அடைத்து, மேலே பேட்ச் ஒட்டி, வீல் பேலன்ஸ் பார்த்து மாட்டிக் கொடுத்தார்.

"ஸ்டெப்னி பாத்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை. 18 இருந்தது. வழியில் டயர் போயிருந்தால் அதைத்தான் நம்பியிருப்போம், அம்மாவும் நானும்.

மறுநாள் காலை ஆறிய நிலையில் நான்கிலும் 33 வைத்து, அதற்குப் பிறகே ரீசெட் கொடுத்தேன். இந்த வரிசை முக்கியம். குறைந்த காற்றோடு ரீசெட் கொடுத்தால் கார் அந்தக் குறையையே சரியென்று எடுத்துக்கொள்ளும், விளக்கும் அணைந்துவிடும். இன்னொன்று, நான்கு டயரிலும் ஒரே அளவு காற்று மெல்ல இறங்கினால் என் காரில் இருக்கும் வகை கவனிக்காமலே விடலாம். சக்கரத்துக்குள் சென்சார் இருக்கும் வகையிலும் பொதுவாக கால் பங்கு போல இறங்கிய பிறகே விளக்கு வரும். 33 என்றால் 25-க்கு வந்த பிறகு. அதுவரைக்கும் ஓட்டிக்கொண்டுதான் இருப்போம்.

விளக்கு ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டு நிலையாக எரிந்தால், அது காற்றுப் பிரச்சினை இல்லை, எச்சரிக்கும் அமைப்பிலேயே கோளாறு. சென்சார் வகையில் பெரும்பாலும் அதன் பேட்டரி தீர்ந்திருக்கும். அதற்குக் காற்று அடித்துப் பயன் இல்லை, கடையில் காட்ட வேண்டும்.

கேஜ் இப்போது கதவுப் பையில் இருக்கிறது. மாதம் ஒரு காலை ஐந்து டயரையும் அளந்து எழுதி வைக்கிறேன். நேற்றைய கணக்கில் பின் இடது 32, மற்ற மூன்றும் 32.