ஊட்டிப் பக்கம் கல்லூரியில் சேரும் எல்ஜிபிடி மாணவர்களுக்கு

சேர்க்கை முடிந்ததும் யாராவது ஒரு தம்பியோ தங்கையோ என்னிடம் கேட்பது இதைத்தான்: "அண்ணா, காலேஜ்ல நமக்குன்னு ஏதாவது குரூப் இருக்கா?" ஐஐடி மெட்ராஸில் ‘வண்ணம்’ இருக்கிறது, ஐஐடி பம்பாயில் ‘சாத்தி’ இருக்கிறது. நான் படித்த மலைக் கல்லூரியில் அப்படி எதுவும் கிடையாது. நீங்கள் சேரும் இடத்திலும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஆனால் குரூப் இல்லை என்றால் உதவியே இல்லை என்று அர்த்தமில்லை. எல்லாருக்கும் என்று வைத்த ஏற்பாடுகள் பல நமக்கும் பொருந்தும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு, நீங்கள் யார் என்று சொல்லவே தேவையில்லை.

மலையில் படிப்பவர் எந்த உதவியைத் தேடினாலும் முதலில் யோசிக்க வேண்டியது, நான் சொல்வது இங்கிருந்து எங்கே போகும் என்பதைத்தான். சென்னையில் இது இவ்வளவு பெரிய விஷயமில்லை. இங்கே கோத்தகிரி பஸ் கண்டக்டருக்கு உங்கள் அப்பாவைத் தெரியும். வார்டனின் தம்பி பக்கத்து எஸ்டேட்டில் வேலை பார்ப்பார். வகுப்பில் பாதிப் பேர் ஏதோ ஒரு முறையில் சொந்தம். ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், காலையில் பேசியது மதியத்துக்குள் மார்க்கெட்டுக்கு வந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்ல வேண்டியதில்லை, அக்கறையில் சொன்னாலே போதும்.

கவுன்சலிங்கை எடுத்துக்கொள்வோம். எங்கள் கல்லூரியில் அந்த அறை ஆபீஸுக்கும் ஸ்டாஃப் ரூமுக்கும் நடுவில் இருந்தது. கதவருகே ஒரு நீள ரிஜிஸ்டர், நூல் கட்டிய பேனா. பெயர், துறை, வந்த காரணம், கையெழுத்து என்று கட்டங்கள். எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் காரணத்தில் ‘படிப்பு’ என்றே எழுதியிருந்தார்கள், நானும் அதையே எழுதினேன். உள்ளே இருந்தவர் நல்ல மனிதர்தான், ஆனால் எங்களுக்கு இன்டர்னல் மார்க் போடுபவரும் அவரேதான். அதனால் பொதுவாகவே ஆரம்பித்தேன்: தூக்கம் வரவில்லை, படித்தது மனதில் நிற்கவில்லை. அப்புறம் கேட்டேன், பேசுவதை எழுதி வைப்பீர்களா, அந்த நோட்டை யாரெல்லாம் பார்க்கலாம், எந்த நிலையில் வீட்டுக்குச் சொல்வீர்கள் என்று. "உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்" என்று பதில் வந்தால் மேலே பேசலாம். எனக்கு வந்த பதில், "அப்பா அம்மாகிட்ட எதையும் மறைக்கக் கூடாதுப்பா." சரி என்று தூக்கமின்மையோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு அவர் சொன்ன யோசனைகள் உண்மையிலேயே உதவின.

மீதியைப் பேச 14416 இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். எங்கிருந்து பேசுவது என்பதுதான் சிக்கல். ஹாஸ்டலில் பக்கத்து அறை இருமல்கூடக் கேட்கும். நான் பொட்டானிக்கல் கார்டனுக்கு டிக்கெட் எடுத்துப் போய் மேல் புல்வெளியில் உட்கார்ந்து பேசுவேன். சுற்றிலும் டூரிஸ்ட்டுகள், அவர்களுக்கு நம்மை யாரென்றே தெரியாது. கூட்டத்தைத் திட்டுகிற ஊட்டிக்காரன் நான், ஆனால் சீசனுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தால், அல்லது "கோயம்புத்தூர் கூட்டிட்டுப் போய் சரி பண்ணிடலாம்" என்று வீட்டில் கிளம்பினால், இதைத் தெரிந்து வைத்திருங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பாலியல் நாட்டத்தைக் காரணம் காட்டி சிகிச்சையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது, நோயாளி சொன்னதை ரகசியமாக வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021-ல் தீர்ப்பளித்த வழக்கைத் தொடர்ந்து, தன்பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் செய்யும் சிகிச்சை மருத்துவருக்குத் தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்துவிட்டது. மாத்திரையில் மாறிவிடும் என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஹாஸ்டலில் நடையை, குரலை வைத்துக் கேலி செய்வதைப் பலர் விதியென்று சகித்துக்கொள்கிறார்கள். வருடா வருடம் நீங்களும் பெற்றோரும் ராகிங் உறுதிமொழியில் கையெழுத்துப் போடுகிறீர்களே, அதற்குப் பின்னால் இருக்கும் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளில் 2016-ல் ஒரு திருத்தம் வந்தது. பாலினம், மூன்றாம் பாலினம், பாலியல் நாட்டம், தோற்றம் ஆகியவற்றை வைத்து ஒரு மாணவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்குவதும் ராகிங்தான். சீனியர் என்றில்லை, உங்கள் வகுப்புப் பையனே செய்தாலும் பொருந்தும். புகாரில் ‘நான் கே’ என்று எழுத வேண்டியதில்லை. எந்தத் தேதி, எந்த இடம், யார், என்ன வார்த்தை சொன்னார்கள், கூட யார் இருந்தார்கள், அவ்வளவு போதும். அவர்கள் சொன்ன வார்த்தையை நாசூக்காக மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். தேசிய ராகிங் தடுப்பு எண் 1800-180-5522. அங்கே சொன்னாலும் விஷயம் கல்லூரித் தலைமைக்குத்தான் திரும்பி வரும், அதற்குத் தயாராக இருங்கள். தொடுவது, மிரட்டுவது வரை போனால் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் கல்லூரியின் உள் புகார்க் குழு இருக்கிறது. அது பெண்களுக்கு மட்டும் என்று ஆபீஸில் சொல்வார்கள். ஆனால் யுஜிசியின் 2015 விதிகள் ஆண் மாணவர்களையும் மூன்றாம் பாலினத்தவரையும் சேர்த்தே பேசுகின்றன.

இனி, யாரும் சொல்லித் தராத சில்லறை விஷயங்கள். வகுப்புக்கு வராத நாளில் அப்பாவின் போனுக்குத் தானாக எஸ்எம்எஸ் அனுப்பும் கல்லூரிகள் உண்டு. கோவைக்கு நண்பர்களைப் பார்க்கப் போவதென்றால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். உதவித்தொகை வரும் வங்கிக் கணக்கில் யாருடைய நம்பர் இருக்கிறது என்று பாருங்கள், பலருக்கு அது வீட்டு நம்பர்தான். பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டுகளை டிஜிலாக்கரில் ஏற்றி வையுங்கள். வீட்டில் விஷயம் தெரிந்து கதவு சாத்தப்பட்டால் பணத்தைவிட இந்தத் தாள்கள் இல்லாமல்தான் படிப்பு நிற்கும். பரீட்சை நேரத்தில் மனம் உடைந்துபோனால் ஹெச்ஓடியிடம் காரணத்தை விளக்க வேண்டாம். டாக்டர் சான்றிதழை அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போவதற்கு முன்பே கொடுங்கள். ஒரு பேப்பர் அரியர் ஆனால் ஆகட்டும். ஹால் டிக்கெட்டே வராமல் போவதுதான் பெரிய இழப்பு.

டேட்டிங் ஆப்பில் இங்கே தெரிவது கொஞ்சம் பேர்தான். தூரத்தை அது மீட்டர் கணக்கில் காட்டினால், எந்த ஹாஸ்டல் என்பது ஊர்க்காரனுக்குப் புரிந்துவிடும். தூரம் காட்டுவதை அணைத்துவிடுங்கள், முகம் தெரியும் படத்தை அனுப்பாதீர்கள். படத்தை வைத்துப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், கொடுத்தால் திரும்பவும் கேட்பார்கள். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் 377-வது பிரிவைத் தளர்த்தியதிலிருந்து வயது வந்தவர்கள் சம்மதத்தோடு உறவு கொள்வது குற்றமில்லை, மிரட்டுபவன்தான் குற்றவாளி. பணம் பறித்திருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். எல்ஜிபிடி மக்களைத் துன்புறுத்தக் கூடாது என்று போலீஸ் நடத்தை விதிகளையே தமிழக அரசு 2022-ல் திருத்தியிருக்கிறது. ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகாமல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பேச நம் ஆட்களே வேண்டுமென்றால் சென்னையின் ‘ஓரினம்’ தன்னார்வலர்கள் தமிழில் பேசுவார்கள்.

திருநங்கை, திருநம்பி மாணவர்கள் மட்டும் தங்களைச் சொல்லித்தான் ஆக வேண்டிய நிலை. மாவட்ட ஆட்சியர் வழங்கும் அடையாளச் சான்றைச் சேர்க்கைக்கு முன்பே வாங்கிவிட்டால் பெயர்க் குழப்பம் மார்க் ஷீட் வரை தொடராது. உயர்கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2024 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள், மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். கல்வி நிலையங்கள் பாகுபாடு காட்டக் கூடாது என்பது திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2019. தனி அறையோ தனிக் குளியலறையோ வேண்டுமென்றால் விண்ணப்பத்தோடு எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். அறை ஒதுக்கி முடித்த பிறகு கேட்டால், நல்ல வார்டனும் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றுதான் சொல்வார்.