தம்பியை கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் அக்காமாருக்கு

கொழும்பில் கடை வேலைக்குப் போன தம்பி, ராத்திரியெல்லாம் விழித்திருந்து, யாரோ தன்னைத் திட்டுகிறார்கள் என்று சொல்கிறவனாகத் திரும்பி வந்தான். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள், அங்கே மனச்சிதைவு என்றார்கள், மாத்திரை தொடங்கியது.

பிறகுதான் அலைச்சல். அம்மா அன்றைய பேரை, அதாவது நாள் சம்பளத்தை, விட்டு, அவனைக் கெஞ்சி பஸ் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனால் கிளினிக் பூட்டு. நாள் மாறிவிட்டதாம். நோட்டீஸ் சிங்களத்தில் மட்டும். தமிழ் அரச கரும மொழியானது 1987இல்! அடுத்த முறை டாக்டருக்குத் தமிழ் தெரியாது. வாசலில் நின்ற ஊழியர் வரிசைக்கே கேட்கிற மாதிரி, “காதுல சத்தம் கேக்குதானு கேக்குறாரு” என்று கத்தினார். தம்பி வாயே திறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அதனால் ஒரு தாள் தயார் செய்தேன். எப்போது தொடங்கியது, தூக்கம், சாப்பாடு, மாத்திரை போட்ட பிறகு கை நடுங்குவது, எல்லாம். தெரிந்த டீச்சர் ஒருவர் சிங்களத்தில் எழுதித் தந்தார். டாக்டர் அதை முழுக்க வாசித்து மருந்தை மாற்றினார். நடுக்கம் குறைந்தது. அன்றைக்கு பஸ்ஸில் தம்பி ஜன்னல் பக்கம் கேட்டு உட்கார்ந்தான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

சொந்தக்காரர்கள் ஏவல் என்றார்கள். பூசாரி நூல் கட்டினார், கட்டட்டும். அதற்காகச் சண்டை போட வேண்டாம், மாத்திரை மட்டும் நிற்கக் கூடாது. சுகமாகிவிட்டது என்று நாமாக நிறுத்தினால் நோய் திரும்ப வரும்.

சத்தம் கேட்கிறது என்று அவன் சொல்லும்போது “அப்படி ஒண்ணும் இல்ல” என்றால் கோபம் வரும், “ஆமா” என்றால் பயம் கூடும். நான் சொல்வது: “எனக்குக் கேக்கல தம்பி. ஆனா நீ பயப்படுறது தெரியுது.” பெரும்பாலும் அடங்கிவிடுவான்.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அழக்கூட இடமில்லை, பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும். ஓர் இரவு கோயில் பக்கம் போய் 1926க்கு போன் எடுத்தேன். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். நோயாளிக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அந்தப் பக்கம் இருந்தவர் முதலில் கேட்டது, நான் தூங்குகிறேனா என்று. அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அழுது முடிக்கும் வரை காத்திருந்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெரியம்மா அவனோடு இருப்பார், நான் வெளியே போய்விடுவேன். உங்களுக்கும் அப்படி ஓர் ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம், மாத்திரை முடிய ஒரு வாரம் இருக்கும்போதே, டவுனுக்குப் போகிற யாரிடமாவது கிளினிக் நாளை விசாரித்துவிடுங்கள்.