ஒரு நாள் மீன், ஒரு பானை உப்பு

மே 4, ஞாயிறு

இன்று கத்திரி தொடக்கம். எங்கள் ஊர்க் கண்மாயில் மீன்பிடித் திருவிழாவும் இன்றுதான். சிங்கம்புணரிப் பக்கம் கோடையில் தண்ணீர் வற்ற வற்ற ஒவ்வொரு ஊராக இது நடக்கும்.

ஊர்ப் பெரியவர் மடையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் எல்லாரும் இறங்கினோம். முட்டளவு தண்ணீர், அடியில் கணுக்கால் புதையும் சேறு. எனக்கு ஊத்தாதான் கைக்குப் பழகியது. மூங்கில் சிம்பில் பின்னி, மேலும் கீழும் வாய் விட்ட கூடை. அகல வாயைச் சேற்றில் அமுக்கிவிட்டு அசையாமல் நிற்க வேண்டும். உள்ளே மாட்டிய மீன் முட்டுவது கையில் தெரியும். ஜிலேபி படபடவென்று அடிக்கும். விரால் ஒரே இடி இடித்துவிட்டுச் சேற்றில் பதுங்கும். மேல்வாய் வழியே கையை விட்டுத் தடவும்போது கெளுத்தி முள்ளுக்கு மட்டும் பயப்பட வேண்டும். குத்தினால் மணிக்கட்டு வரை கடுக்கும்.

ஒன்பது மணிக்குள் 2 விரால், கெண்டையும் ஜிலேபியுமாக 7 கிலோ போல. அயித்தை பழைய சேலையால் அரித்து ஒரு சொம்பு அயிரை பிடித்துவிட்டார். இந்த மீனை எங்கள் ஊரில் யாரும் விற்க மாட்டார்கள். விற்றால் மழை தங்காது என்பது வழிவழியாக வந்த பேச்சு. இறங்க முடியாத வீடுகளுக்கும் ஒரு பங்கு போகும். அதற்கு மேலும் மிஞ்சுவதை என்ன செய்வது என்பதுதான் எனக்கு இரண்டு வருஷமாக உள்ள கவலை.

ராத்திரி ஜிலேபிக் குழம்பு. கண்மாய் மீனில் சேற்று வாடை இருக்கும். கல்லுப்பு போட்டு உரசிக் கழுவி, கால் மணி நேரம் புளித்தண்ணீரில் போட்டால் வாடை அடங்கும். அந்த வாடைக்குக் காரணமான பொருள் புளிப்பில் சிதைந்துவிடும். அப்பத்தாவுக்கு அந்த விஷயமெல்லாம் தெரியாது, ஆனால் புளியை ஒரு நாளும் மறந்ததில்லை. “எங்க சின்ன வயசுல இந்த ஜிலேபியே கெடையாதுய்யா, கெண்டையும் விராலுந்தான்” என்றது. உண்மைதான். 1952-ல் இலங்கையிலிருந்து நம் நாட்டுக்கு வந்த மீன் அது. இப்போது அது இல்லாத கண்மாயைத் தேட வேண்டியிருக்கிறது.

மே 5, திங்கள்

விரால் இன்னும் உயிரோடு அண்டாவில் கிடக்கிறது. காற்றைச் சுவாசிக்கும் மீன், கொஞ்சம் தண்ணீர் இருந்தால் போதும். மூடி மேல் அம்மிக்குழவியை வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் துள்ளி வாசலுக்குப் போய்விடும்.

அயிரையை ராத்திரியே தேங்காய்ப்பால் கலந்த தண்ணீரில் விட்டிருந்தோம். வயிற்றுச் சேற்றைக் கக்கிவிட்டு வெளுத்துப்போய் நீந்துகிறது. அதை முழுசாகத்தான் போட வேண்டும்.

இனி கருவாடு. போன வருஷம் உப்பைப் பேருக்குத் தூவி மொட்டை மாடியில் பரப்பினேன். கத்திரி வெயில் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினேன். மூன்றாம் நாள் பிரித்துப் பார்த்தால் முதுகுச் சதைக்குள் புழு. 3 கிலோ மீனைக் குழி தோண்டிப் புதைத்தேன். இன்னும் மனசு ஆறவில்லை.

“வெயிலு பெறகுய்யா. மொதல்ல உப்பு” என்றது அப்பத்தா. பிடித்த அன்றைக்கே உப்பில் போட்டிருக்க வேண்டுமாம். நேற்றே குடலையும் செவுளையும் எடுத்து ஐஸில் வைத்திருந்ததால் தப்பித்தேன். செதில் சீவி, முதுகுப் பக்கம் கீறி, புத்தகம்போல விரித்தோம். தடித்த சதையில் குறுக்கே இரண்டு கீறல். 4 கிலோ மீனுக்கு 1 கிலோ கல்லுப்பு, கைப்பிடி மஞ்சள் தூள். பானையில் ஒரு வரிசை உப்பு, ஒரு வரிசை மீன் என்று அடுக்கி, மேலே கல்லை ஏற்றினோம்.

மே 6, செவ்வாய்

காலையில் பானையைத் திறந்தால் மீன் மூழ்கும் அளவு தண்ணீர். ஒரு சொட்டு நாங்கள் ஊற்றவில்லை, எல்லாம் உப்பு இழுத்தது. நேற்றுத் தொளதொளவென்று இருந்த சதை இன்று விரலால் அழுத்தினால் கெட்டியாக நிற்கிறது. போன வருஷம் நான் தவறவிட்டது இந்த ஒரு ராத்திரியைத்தான். அந்தத் தண்ணீர் உள்ளேயே இருந்ததால்தான் மேல்தோல் காய்ந்தும் நடுச்சதை அழுகியது.

அந்த உப்புத் தண்ணீரிலேயே அலசி, கயிற்றுக் கட்டிலில் பரப்பி, மேலே கொசுவலை கட்டினேன். கட்டிலுக்கு அடியிலும் காற்று ஓடுகிறது. ஈ சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது.

மே 8, வியாழன்

சாயங்காலம் இடி, மழை. ஓடிப்போய் அள்ளினோம். ஓரத்தில் கிடந்த நாலைந்து நனைந்துவிட்டன. அவற்றை மறுபடி உப்பில் புரட்டி, அடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டது அப்பத்தா.

விரால் குழம்பு இன்று. சாம்பல் தொட்டுப் பிடித்தால்தான் வழுக்காது. நல்லெண்ணெய், வெந்தயம், சின்ன வெங்காயம், மாங்காய். தேங்காய் சேர்க்கவில்லை, நாளைக்கும் இருக்க வேண்டுமே. மறுநாள் சுண்டவைத்த குழம்புதான் எனக்குப் பிடிக்கும்.

மே 11, ஞாயிறு

காய்ந்துவிட்டது. வளைத்தால் விறைப்பாக எதிர்க்கிறது, மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. ஒவ்வொன்றாக முதுகைப் பிரித்துப் பார்த்தேன். சுத்தம். 4 கிலோ ஒன்றரைக் கிலோவாகியிருக்கிறது. புகையில் தொங்கியவை மட்டும் பழுப்பு நிறம், வாசனையும் வேறு. அடுத்த வருஷம் வேண்டுமென்றே கொஞ்சம் அப்படிப் போட வேண்டும்.

ஈரமில்லாத பானையில் அடுக்கி, துணியால் வேடு கட்டினோம்.

ஜூன் 1, ஞாயிறு

கண்மாயில் வெடிப்புதான் மிச்சம், ஆடு மேய்கிறது. மதியம் முதல் தடவையாகப் பானையைத் திறந்தேன். வெந்நீரில் ஊறப்போட்டு உப்பை இறக்கி, கத்திரிக்காயும் மொச்சையும் போட்டுக் கருவாட்டுக் குழம்பு. அப்பத்தா ஒரு துண்டைப் பிட்டு, முள்ளை ஒதுக்கி, வாயில் வைத்து மென்றது. ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு கேட்டது.

திருப்பூரில் இருக்கும் தங்கச்சிக்கு அரைக் கிலோ கட்டி வைத்திருக்கிறேன். நாளைக் காலை பஸ்ஸில் போகும்.