மருந்துக்குக் கேட்காத இழுப்பு

ஜூன் 11
ஹட்டனில் மழை விட்டபாடில்லை. அக்காவுக்கு மறுபடியும் ஆஸ்துமா இழுப்பு. கிளினிக்கில், மூச்சோடு இழுக்கும் பெக்லோமெத்தசோன் பம்பின் அளவைக் கூட்டி, பிரெட்னிசோலோன் குளிசையும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டுமே அழற்சியைக் குறைக்கும் ஸ்டீரொய்டு மருந்துகள். "போன வருசமும் கூட்டினாங்க தம்பி. கூட்டக் கூட்டப் பசிதான் கூடுது" என்றாள். பம்பை என் முன்னால் அடிக்கச் சொன்னேன். பம்பில் மாட்டும் ஸ்பேசர் குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கி, அப்புறம் வாயும் கொப்பளித்தாள். பாமசிக்கு வருகிறவர்களில் பலர் இவ்வளவு ஒழுங்காகச் செய்வதில்லை.

ஜூன் 14
கிளினிக் கொப்பியில் எடை 78 கிலோ, உயரம் 152 சென்ரிமீற்றர். உடற்திணிவுச் சுட்டி 34ஐத் தொடுகிறது. ஆசியர்களுக்கு 27.5 தாண்டினாலே ஆபத்து அதிகம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

பாமசியில் கூட்டமில்லை, உட்கார்ந்து வாசித்தேன். 2006இல் வந்த ஓர் ஆய்வில், எடை ஏற ஏற பெக்லோமெத்தசோனின் பலன் இறங்கியிருக்கிறது. ஸ்டீரொய்டு அல்லாத மொன்டெலுகாஸ்ட் குளிசையின் பலன் அப்படி இறங்கவில்லை. 2008இல் அமெரிக்காவின் டென்வரில் ஆஸ்துமாக்காரர்களின் இரத்த அணுக்களையும் நுரையீரல் அணுக்களையும் எடுத்து ஸ்டீரொய்டில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஸ்டீரொய்டு பட்டதும் அணுக்கள் எம்கேபி-1 என்ற புரதத்தைத் தங்களுக்குள் உண்டாக்க வேண்டும். அழற்சிச் சமிக்ஞையை அணைப்பது அதுதான். பருமனானவர்களின் அணுக்களில் அது குறைவாகவே உண்டானது. அழற்சியைத் தூண்டும் டிஎன்எப்-ஆல்பாவோ அவர்களிடம் கூடியிருந்தது. ஆஸ்துமா இல்லாத பருமனானவர்களிடம் இந்தக் குறை தெரியவில்லை என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. ஆக, மருந்து போய்ச் சேர்ந்தாலும் அணு அதற்குச் சரியாக மசிவதில்லை. அக்காவை 'ஒழுங்கா மருந்து பாவிக்கிறதில்ல' என்று திட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் வாசிக்கலாம்.

ஜூன் 15
லயத்தில் பக்கத்துக் காம்பரா மாமி: "பம்பு அடிச்சுத்தான் உடம்பு வச்சிருச்சு, நிப்பாட்டு!" அடிக்கடி பிரெட்னிசோலோன் குளிசை போட்டால் எடை ஏறும், உண்மை. பம்பில் உள்ளே போவது மைக்ரோகிராம் கணக்கு. அதை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று சத்தமாகவே சொன்னேன்.

ஜூன் 27
டொக்டர் இரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளணுவின் அளவைப் பார்க்கச் சொன்னார். அது குறைவாக இருந்தால் ஸ்டீரொய்டைக் கூட்டுவதில் பெரிய பிரயோசனம் இல்லையாம். வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் சிறிய மூச்சுக்குழாய்கள் சீக்கிரம் அடைபடும், அதை எந்த ஸ்டீரொய்டும் மாற்றாது என்றார். மொன்டெலுகாஸ்ட் சேர்த்திருக்கிறார். எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை குறைந்தாலே இழுப்பு கட்டுக்குள் வரலாம். அக்காவுக்கு அது 4 முதல் 8 கிலோ.

"கொழுந்து எடுத்தப்ப இந்த உடம்பா இருந்துச்சு? இழுப்புக்குப் பயந்துதானே குந்திட்டேன்" என்றாள். நியாயம்தான். நடக்கப் போகுமுன், மூச்சுக்குழாயைச் சீக்கிரம் விரிக்கும் நீலப் பம்பு அடித்துக்கொள்ள டொக்டர் சொல்லியிருக்கிறார். கோயில் வரைக்கும் போய்வர ஒத்துக்கொண்டாள். சீனி போடாத பிளேன்டீக்கும் சம்மதம். கோதுமை ரொட்டியைப் பற்றி வாயெடுத்தேன், எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.