பெரிய வீடுகளின் ஊரில் புத்தகத்துக்கு இடமில்லை

செட்டிநாட்டில் இருந்துகொண்டு இடமில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள் இங்கே ஏராளம். பல வீடுகள் வருஷத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கின்றன. ஆனால் காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் எனக்கு ஓயாத தலைவலி இடம்தான்.

மற்ற ஊர்களில் நூலகம் பட்ஜெட்டால் வளரும். இங்கே வீடு கைமாறும்போதும் வளரும். பங்காளிகள் கூடி வீட்டைப் பிரிப்பது என்று முடிவானால் தேக்கு நிலையும் தூணும் ஒரு பக்கம் போகும். எனாமல் சாமானும் பழைய கண்ணாடியும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போகும். கடைசியில் புத்தகம் மிஞ்சும். எடைக்குப் போட மனசு வராமல் எங்களைக் கூப்பிடுவார்கள். சாக்கில் கட்டி வேனில் வந்து இறங்கும். திருமுறைப் பதிப்புகளுக்கு நடுவில் ரங்கூனில் அச்சடித்த சிறு நூல் இருக்கும். 1920-களில் காரைக்குடியிலிருந்து வந்த ‘ஊழியன்’, ‘குமரன்’ இதழ்கள் கிடைத்தாலும் கிடைக்கும். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் சேர்த்து வைத்த பழைய நூல்களையும் இதழ்களையும், 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994-இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. இந்தக் கதை தெரிந்த எவனுக்கும் ஒரு சாக்கைப் பிரித்துப் பார்க்காமல் ‘வேண்டாம்’ என்று சொல்ல வாய் வராது.

நூலகம் வளரும் உயிர் என்று 1931-இலேயே நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் தன் ஐந்து நூலக விதிகளில் கடைசியாக எழுதி வைத்துவிட்டார். வளரும் பிள்ளைக்கு வருஷா வருஷம் சட்டை எடுப்போம். நூலகத்துக்கு மட்டும் கட்டடம் கட்டிய அன்று தைத்த சட்டைதான்.

இடப் பிரச்சினை என்று வாயெடுத்தால் எல்லாரும் காட்டுவது காம்பாக்டரைத்தான். தண்டவாளத்தின் மேல் ஓடும் இரும்பு ரேக்குகள். கைச்சக்கரத்தைச் சுற்றினால் நகரும், வேண்டிய இடத்தில் ஒரே ஒரு நடைவழி திறக்கும். சாதாரண நூலகத்தில் தளத்தின் பாதிக்கு மேல் நடக்கத்தான் போகிறது. அதை ஒற்றை வழியாகச் சுருக்கினால் அதே அறையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு புத்தகம் கொள்ளும். இது ஒன்றும் புது யோசனை இல்லை. இங்கிலாந்துப் பிரதமராக இருந்த கிளாட்ஸ்டன் 1890-லேயே நகரும் அலமாரிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்.

எங்கள் நிர்வாகத்துக்கும் அந்த ஆசை வந்தது. பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, மாடியில் காம்பாக்டர் போட்டு, யாரும் அதிகம் எடுக்காத நூல்களை அங்கே மாற்றிவிடலாம் என்றார்கள். விற்க வந்தவரும் அளவெடுத்துவிட்டு ‘நோ பிராப்ளம் சார்’ என்றார். எனக்கோ பிராப்ளத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

முதலில் பாரம். குடியிருக்கிற வீட்டுத் தளத்துக்கு இன்றைய கணக்கில் சதுர அடிக்கு 19 கிலோ போலத்தான் பாரம் வைத்து வடிவமைக்கிறார்கள். சாதாரண புத்தக ரேக்குக்கே 68 கிலோ தாங்க வேண்டும் என்பது நூலகக் கட்டடங்களில் வழக்கமான அளவு. காம்பாக்டருக்கு அதுவே இரட்டிப்பாகிறது, 136 கிலோ. மர உத்திரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட நூறு வருஷத்து மாடியில் அதை ஏற்றுவது வம்பை விலைக்கு வாங்குவது. சரி, கீழே போடலாம் என்றால், தண்டவாளம் இம்மி பிசகாமல் மட்டமாக இருக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை யார் வெட்ட விடுவார்கள்? அதன்மேல் தனி மேடை போடலாம்தான். ஆனால் வளவைச் சுற்றியுள்ள அறைகள் சின்னவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு. நாலு ரேக் நகர்வதற்குள் சுவர் வந்துவிடும். காம்பாக்டருக்கு நீளமான கூடம் வேண்டும். அப்புறம் ஐப்பசி மழை. ஒட்டி நிற்கும் ரேக்குகளுக்கு நடுவே காற்று புகாது, பூஞ்சை புகும். அந்தக் காலத்து ஆட்கள் வளவைத் திறந்து விட்டதே காற்றுக்கும் வெளிச்சத்துக்கும்தானே.

காம்பாக்டரே கூடாது என்று நான் சொல்லவில்லை. தரைத்தளம், நல்ல கான்கிரீட், காற்றோட்டம் இருந்தால் போடலாம். எங்களிடம் இல்லாதது அந்த மூன்றும்தான்.

அதனால் செலவில்லாத வழிக்கு வந்தோம்: அளவு பார்த்து அடுக்குவது. தமிழ்ப் பழைய நூல்களில் பெரும்பாலானவை கிரவுன் அல்லது அதைவிடக் கொஞ்சம் பெரிய டெம்மி அளவு. கிரவுன் நூலின் உயரம் 18 சென்டிமீட்டர் சொச்சம். பொருள் வாரியாக அடுக்கினால் குள்ளமும் நெட்டையும் கலந்து நிற்கும், தட்டுக்குத் தட்டு 30 சென்டிமீட்டர் விட்டாக வேண்டும். 210 சென்டிமீட்டர் ரேக்கில் ஏழு தட்டு. கிரவுனை மட்டும் தனியாகப் பிரித்தால் 22, 23 சென்டிமீட்டர் போதும், அதே ரேக்கில் ஒன்பது தட்டு. அதைவிடப் பெரிய லாபம் இன்னொன்று. பொருள் வாரியான அடுக்கில், நாளைக்கு வரப்போகும் நூலுக்காக ஒவ்வொரு தட்டிலும் கால் பங்கு காலியாக விட வேண்டும். அளவு பிரித்து, வரவு எண் வரிசையில், அதாவது நூலகத்துக்கு வந்து சேர்ந்த வரிசையில் வைத்தால் புது நூல் எப்போதும் கடைசியில்தான் சேரும். நடுவில் இடைவெளியே வேண்டாம். அமெரிக்காவில் ஹார்வர்டு 1986-இல் ஊருக்கு வெளியே கட்டிய கிடங்கிலும் புத்தகம் அளவு பார்த்துத்தான் அடுக்கப்படுகிறது.

இதில் நஷ்டம் வாசகருக்கு. ரேக் ரேக்காக மேய முடியாது. ஒன்றைத் தேடிப் போய்ப் பக்கத்தில் இருந்ததை எடுத்து வருகிற சுகம் போய்விடும். அதனால் அடிக்கடி எடுக்கும் நூல்களை நான் தொடவே இல்லை. பல வருஷமாகத் தேதி முத்திரை விழாதவை மட்டும் உள்ளே போயின. கணினிப் பட்டியலில் பொருள் எண் அப்படியே இருக்கிறது, நூல் எந்த ரேக்கில் இருக்கிறது என்ற இடக்குறி மட்டும் மாறியது. (ஒரே தட்டில் முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை அடுக்குவோரும் உண்டு. பின் வரிசையில் போன புத்தகத்தைத் தொலைந்த கணக்கில் எழுதிவிடலாம்.)

இரும்பையும் கணக்கையும்விடக் கஷ்டம் மனிதர்களோடு. மாமனார் நூல்களைக் கொடுத்த ஓர் ஆச்சி, “அவுக படிச்சது தம்பி. ஒரே பீரோவுல, அவுக பேரு போட்டு வைங்க” என்றார். கேட்பது நியாயம்தான். ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பீரோ என்றால் பீரோக்களுக்கே கட்டடம் போதாது. “பீரோவுல பேரு போட்டா பீரோவைத்தான் பாப்பாக ஆச்சி. ஒவ்வொரு புத்தகத்துலயும் அவுக பேரு ஒட்டுறோம், எடுக்கிறவுகல்லாம் படிப்பாக” என்றேன். கணினியில் அவர் பெயரைத் தட்டினால் மொத்தப் பட்டியலும் வரும் என்று காட்டியும் கொடுத்தேன். ஆச்சிக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனாலும் கொடுத்தார்.

‘ஸ்கேன் பண்ணிட்டா இடமே வேண்டாமே’ என்று அறங்காவலர் ஒருவர் அவ்வப்போது சொல்வார். ஸ்கேன் செய்தால் பொடியும் தாள் கைபடாமல் பிழைக்கும், அது நிஜம். அதற்காக மூலத்தைத் தூக்கிப் போட முடியுமா? அதற்கும் ரேக் வேண்டும், கூடவே ஹார்ட் டிஸ்க்கும் வேண்டும்.

பைண்டு செய்த நாளிதழ்களுக்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை. நிமிர்த்தி வைத்தால் முதுகு கிழிகிறது, படுக்க வைத்தால் தட்டுக்கு இரண்டு மூன்றுக்கு மேல் ஆகாது. இதற்கிடையில் சாக்கு வரும் முறையை மாற்றினோம். இப்போது வேன் அனுப்பச் சொல்வதில்லை, நாங்களே வீட்டுக்குப் போகிறோம். பெட்டகத்தைத் திறந்து, எங்கள் பட்டியலோடு ஒப்பிட்டு, எங்களிடம் ஏற்கெனவே இருப்பதை அங்கேயே ஒதுக்கி, வேறு பள்ளிக்கோ நூலகத்துக்கோ வேண்டுமா என்று போனில் கேட்டுவிட்டுத்தான் கட்டுகிறோம். கரையான் இருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.