நிறுக்கும்போது நீ கூட நின்னியா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கூலிம் நகருக்கு அருகிலுள்ள பாடாங் செராயில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற ரப்பர் மரங்கள் எண்ணெய்ச் செம்பனையாக மாறி நெடுநாளாயிற்று. அம்மா அந்தத் தோட்டத்தில் இருபத்தாறு ஆண்டுகள் ரப்பர் பாலுக்காக மரம் வெட்டியவர். நான் தினமும் பாலத்தைக் கடந்து பினாங்குத் தீவுக்குப் போய், ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் மென்பொருள் எழுதிவிட்டு விலகியவள். ஏன் விலகினாய் என்று ஊரில் கேட்பவர்களிடம், மேலாளர் சரியில்லை என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். அது பாதி உண்மைதான்.

அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. எதையும் எழுதித் தரவும் மாட்டார். மின்னஞ்சலில் கேட்டால் தொலைபேசியில் பதில் சொல்வார். சொன்னதை மறுவாரம் மறந்திருப்பார். தீபாவளிக்கு முந்திய இரவு, அம்மா முறுக்கு பிழிந்துகொண்டிருக்க, அடுப்புக்குப் பக்கத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு விடியற்காலை மூன்று மணி வரை ஒரு பிழையைத் திருத்தினேன். காலைக் கூட்டத்தில், தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பதை நினைத்து அம்மா அதைப் 'பெரட்டு' என்றுதான் சொல்வார், அந்த வேலை 'குழுவின் முயற்சி' ஆகிவிட்டது.

ஆண்டிறுதி வேலை மதிப்பீட்டில் எனக்குக் கிடைத்தது ஐந்துக்கு இரண்டு. காரணம் கேட்டேன். "உங்கள் வேலையில் குறையில்லை, பட்டியலில் யாராவது கீழே இருக்க வேண்டும்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. பணியாளர்களை வரிசைப்படுத்திக் கடைசிப் பத்து விழுக்காட்டினரைக் கழிக்கும் இந்த முறையை 1980களில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பரவலாக்கியவர் ஜாக் வெல்ச். மைக்ரோசாஃப்ட் இதே போன்ற தரவரிசையை 2013 நவம்பரில் கைவிட்டது. எங்கள் இடத்தில் அது பெயர் சொல்லாமல் தொடர்ந்தது. அதன் விளைவு சம்பளத்தில் தெரிவதற்கு முன்பே பக்கத்து மேசையில் தெரிந்துவிடும்: எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்த தோழி, நான் கேள்வி கேட்டால் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்ளத் தொடங்கினாள். அவள்மீது எனக்குக் கோபமில்லை. நான் கீழே இருந்தால்தான் அவள் மேலே இருக்க முடியும்.

இதையெல்லாம் கேட்ட அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நிறுக்கும்போது நீ கூட நின்னியா?"

கங்காணியும் துரையும் நல்லவர்களாக இருந்தார்கள் என்று அம்மா ஒருபோதும் சொன்னதில்லை. அவர்களைப் பற்றிய அவருடைய சொற்களை இங்கே எழுத முடியாது. ஆனால் ரப்பர் பாலைச் சேர்க்கும் பால் ஸ்டோரில், கணக்கெழுதும் கிராணி வாளியை நிறுத்து, எடையைச் சத்தமாகச் சொல்லி, ஆளின் கண்முன்னே எழுதுவார். குறைத்து எழுதினால் அங்கேயே சண்டை பிடிக்கலாம். என் எடையைப் போட்ட கூட்டம் எந்த அறையில், எந்த நாளில் நடந்தது என்பதுகூட எனக்குத் தெரியாது. அம்மாவின் பழைய சம்பளச் சீட்டுகள் இன்னும் ஒரு மைலோ டின்னில் இருக்கின்றன. என்னிடம் இருந்தவை நள்ளிரவு வாட்ஸ்அப் செய்திகள் மட்டுமே.

விலகும்படி நெருக்கப்பட்டதைப் பணிநீக்கத்துக்கு ஒப்பாகக் கருதி, 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்கீழ் 60 நாள்களுக்குள் முறையிடலாம் என்று ஒரு நண்பர் பிறகு சொன்னார். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அன்று அறுபத்தெட்டாவது நாள்.

இப்போது கூலிமில் ஒரு சிறிய நிறுவனத்தில் இருக்கிறேன். மேலாளர் தொலைபேசியில் எதைச் சொன்னாலும், "இன்று நீங்கள் சொன்னது இது" என்று அன்று மாலையே அவருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுகிறேன். முதல் வாரம் அவர் முகம் சுளித்தார்.