பிஸ்டல்காரருக்கு ரிவால்வர் வேண்டுமா? ஒரு நீலகிரிக் கணக்கு

2019-இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிதான். அதற்கு முன் மூன்று. ஆகவே பிஸ்டல் வைத்திருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது இடம் காலியா என்பதைத்தான். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பல தோட்டத்து வீடுகளில் அதைத் தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி பிடித்திருக்கும். அதைக் கொடுத்துவிட்டு ரிவால்வர் வாங்குவது நஷ்டம். காட்டெருமைக்கும் கரடிக்கும் .32 (பிஸ்டல், ரிவால்வர் இரண்டிலும் வரும் சிறிய தோட்டா அளவு) எந்த வடிவில் வந்தாலும் போதாது.

இடம் காலியாக இருந்தால் ஊட்டி கலெக்டர் அலுவலகத்தில் கூடுதல் ஆயுதத்துக்கு விண்ணப்பம், அதன்மேல் போலீஸ் விசாரணை. ‘பிடிக்கும்’ என்பது அங்கே காரணம் ஆகாது. வாங்கியதும் துப்பாக்கியில் பொறித்த எண், பில், லைசென்ஸ் புத்தகம் மூன்றையும் ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் புதுப்பிக்கப் போகும்போது அலைச்சல்தான்.

தோட்டாவையும் கலக்கக் கூடாது. இரண்டும் .32 என்றாலும் பிஸ்டலுக்கு 7.65×17 மி.மீ., ரிவால்வருக்கு 7.65×23 மி.மீ.; இரண்டாவது எண் தோட்டாக் கூட்டின் நீளம். குட்டைத் தோட்டா சில ரிவால்வர்களின் சிலிண்டரில், அதாவது தோட்டா போடும் சுழல் உருளையில் உள்ள அறைகளில் நுழைந்துவிடும். அழுத்தம் அதிகம் என்பதால் சுடவே கூடாது. தனித்தனி டப்பா, பெரிய எழுத்தில் லேபிள்.

பிஸ்டல் பழக்கத்தில் சில இங்கே ஆபத்து. இரண்டு கட்டைவிரலையும் முன்னால் நீட்டிப் பிடிக்கும் பிடியை விட்டுவிடுங்கள். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் சூடான வாயு பீறிடும், விரல் வெந்துவிடும். வெடிக்காமல் ‘டிக்’ என்றால் மறுபடி விசையை இழுத்தால் அடுத்த தோட்டா வரும் என்பதே ரிவால்வரின் பெருமை. ஆனால் பயிற்சித் தளத்தில் அப்படி இழுக்காதீர்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவாக இருந்தால், அதற்குள் அது குழலுக்கு நேரே இருந்து விலகியிருக்கும். குழலை இலக்குப் பக்கமே வைத்து 30 விநாடி காத்திருங்கள். சத்தம் மந்தமாக வந்தால் குண்டு குழலிலேயே சிக்கியிருக்கலாம், அத்தோடு நிறுத்துங்கள்.

கான்பூர் அரசு ஆலையில் செய்யும் .32 ரிவால்வர் நடுவில் மடித்துத் திறப்பது. தயங்கித் தயங்கித் திறந்தால் வெற்றுக்கூடு எஜெக்டர் நட்சத்திரத்தின் (கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகடு) அடியில் வழுக்கி விழுந்து மூட விடாது. குழலை மேலே தூக்கி ஒரே வீச்சில் திறக்க வேண்டும். நட்சத்திரத்தின் அடியில் எரியாத மருந்துத் துகள் தங்கினாலும் சிலிண்டர் இறுகும். பழைய பல்துலக்கி போதும்.

‘ரிவால்வர் எளிமையானது’ என்கிறார்களே, அது வெளியே மட்டும். உள்ளே கடிகாரம்! பிஸ்டலைக் கழற்றி ஈரத்தைத் துடைத்துவிடலாம்; ரிவால்வரின் உள் இயக்கத்தை வீட்டில் திறக்கவே கூடாது. குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வித்தியாசம் பெரிது. தோல் உறையில் போட்டு வைத்தால் துரு நிச்சயம். உறை இல்லாமல் பூட்டிய பெட்டியில், சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். துடைப்பது ஒரு குழலும் ஆறு அறையும். எண்ணெய் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும், மிஞ்சினால் தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் பிரைமருக்குள் இறங்கி வெடிக்காமல் செய்யும். குளிரிலிருந்து கணப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்தால் மேலே நீர் முத்துப்போல் பூக்கும். அறைச் சூட்டுக்கு வந்தபின் துடைத்துப் பூட்டுங்கள்.

தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கச் சொன்னால் இரண்டும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். அப்போது மட்டும் எண்ணெயைத் தாராளமாகப் பூசி, எண் எழுதிய ரசீது வாங்குங்கள். திரும்பி வந்த அன்றே அறைகளையும் குழலையும் உலரத் துடையுங்கள்.